நாணயத்தில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா? வகை பிரித்துப் பார்க்கும் வழி

லென்ஸ் வைத்து நாணயம் பார்க்கத் தொடங்கிய எல்லோருக்கும் சீக்கிரமே இது நடக்கும். ஆண்டெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் மங்கலாகத் தெரியும், அல்லது எழுத்தின் ஓரத்தில் கூடுதலாக ஒரு கோடு ஓடும். உடனே மனதில் 'டபுள்டு டை' என்ற சொல் ஓடும். இணையத்தில் தேடினால் பெரிய விலைக்கு ஏலம் போன நாணயங்களின் படங்கள் வந்து குவியும். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். நாணயத்தில் இரட்டிப்பு விழுவதற்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். மற்றவை அந்த நாணயத்தின் சாதாரண விலைக்குத்தான் போகும். புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர் கண்ணில் படும் இரட்டிப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

வகை பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்த இரட்டிப்பு எந்தக் கட்டத்தில் வந்தது? அச்சு செய்யும்போதே வந்ததா, அச்சு தேய்ந்ததால் வந்ததா, நாணயம் அடிபடும் நொடியில் வந்ததா, அதற்கும் அப்புறமா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். உதாரணங்களை அமெரிக்க நாணயங்களிலிருந்து, அதிலும் லிங்கன் தலை உள்ள ஒரு சென்ட்டிலிருந்தே அதிகமாக எடுத்திருக்கிறேன். இரட்டிப்பு விஷயத்தில் அந்த நாணயத்தைத் துருவியது போல வேறு எதையும் யாரும் துருவியதில்லை. ஆனால் உலோகம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், அதனால் வேறு நாட்டு நாணயம் வைத்திருப்பவருக்கும் இந்த முறை பொருந்தும்.

அச்சு எப்படிச் செய்கிறார்கள்

நாணயத்தை அடிக்கும் எஃகு அச்சுக்கு டை என்று பெயர். அதில் உருவமும் எழுத்தும் குழிவாக, இடவலம் மாறி இருக்கும். தலைப்பக்கத்துக்கு ஒரு டை, பூப்பக்கத்துக்கு ஒரு டை. இரண்டுக்கும் நடுவே வெறும் உலோக வில்லையை வைத்து அழுத்தினால் நாணயம் கிடைக்கிறது. சரி, டையில் அந்தக் குழிவு எப்படி வந்தது? ஹப் என்ற இன்னொரு எஃகுத் துண்டிலிருந்து. ஹப்பில் உருவம் நாணயத்தில் உள்ளது போலவே மேடாக இருக்கும். பதம் இளக்கிய எஃகின் மேல் ஹப்பை வைத்துக் கடும் அழுத்தம் கொடுத்தால் அதன் உருவம் குழிவாகப் பதிந்து டை உருவாகும்.

நெடுங்காலம் வரை இந்த வேலை ஒரே அழுத்தில் முடியவில்லை. அழுத்தம் வாங்க வாங்க எஃகு இறுகும். உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அதனால் டையை எடுத்துச் சூடாக்கி மறுபடி பதம் இளக்கி, ஹப்பின் கீழ் பழைய இடத்திலேயே பொருத்தி, இரண்டாவது முறை அழுத்துவார்கள். சில டைகளுக்கு அதற்கு மேலும் தேவைப்படும். பொருத்தும்போது இம்மி பிசகினால் போதும், முதல் அழுத்தில் விழுந்த எழுத்தும் அடுத்த அழுத்தில் விழுந்த எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காராது. இப்படி இரட்டை உருவம் பதிந்துபோன அச்சுதான் டபுள்டு டை.

ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பில் எழுத்தை வெட்டும்போதே இரட்டையாக வெட்டிவிட்டால், அதை வைத்துக் குத்தும் எல்லாத் தாளிலும் எழுத்து இரட்டையாகத்தான் விழும். ஸ்டாம்பு சரியாக இருந்து குத்தும்போது கை நழுவினால் அந்த ஒரு தாள் மட்டும் கெடும். நாணயத்தில் முதலாவது டபுள்டு டை. இரண்டாவதை மெஷின் டபுளிங் என்பார்கள். ஒரே டபுள்டு டையில் அடித்த நாணயங்கள் எத்தனை இருந்தாலும் இரட்டிப்பு அத்தனையிலும் ஒரே இடத்தில், ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கும். மெஷின் டபுளிங் அடிக்கு அடி மாறும். பட்டியல் போட்டு வகைப்படுத்த முடிகிறது என்பதால்தான் டபுள்டு டைக்கு மதிப்பு.

பார்ப்பதற்கு முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் நல்ல லூப் ஒன்று இருந்தால் வேலைக்குப் போதும். அதைவிடப் பெரிதாக்கினால் நாணயத்தின் மேற்பரப்பில் உள்ள கீறலும் சொரசொரப்பும் கண்ணை இழுத்து, எழுத்தின் வடிவம் தப்பிப் போகும். முதலில் குறைந்த பெருக்கத்தில் எழுத்து முழுவதையும் பாருங்கள், அப்புறம் முனைகளுக்குப் போங்கள்.

லென்ஸைவிட விளக்குதான் முக்கியம் என்பது என் திடமான கருத்து. ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும். அதை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு நாணயத்தை மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் வெளிச்சம் விழும்போது மட்டும் தெரிந்து, சுற்றினால் மறைந்துபோகும் 'இரட்டிப்பு' வெறும் நிழல் அல்லது பளபளப்பு. உண்மையான இரட்டிப்பு எல்லாக் கோணத்திலும் அதே இடத்தில் நிற்கும். கணினியில் செருகும் மலிவான மைக்ரோஸ்கோப்புகளில் லென்ஸைச் சுற்றி வட்டமாகச் சின்ன விளக்குகள் இருக்கும். அந்த வெளிச்சம் எழுத்தின் சரிவான பக்கங்களில் பட்டுத் திரும்பி, இல்லாத கோடுகளைத் திரையில் காட்டும். அதில் எடுத்த படத்தை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வராதீர்கள். நாணயத்தை நேரில் லூப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

விளிம்பில் மட்டும் பிடியுங்கள். தேய்த்துக் கழுவக் கூடாது. நீங்கள் தேடும் அடையாளங்களே அதில் அழிந்துவிடும். இன்னொன்றும் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது: அதே ஆண்டு, அதே வகையில் குறை எதுவும் இல்லாத சாதாரண நாணயம். எழுத்தின் அசல் தடிமன் தெரியாமல், அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்ல முடியும்?

முதல் படி: மெஷின் டபுளிங்கா என்று பாருங்கள்

டபுள்டு டைக்கு ஆதாரம் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டாம். இது மெஷின் டபுளிங் இல்லை என்று நிரூபிக்க முடிகிறதா என்று தொடங்குங்கள். ஏனென்றால் இதுதான் எங்கும் எக்கச்சக்கமாகக் கிடைப்பது.

டை நாணயத்தை அடித்துவிட்டு விலகும் நொடியில், அச்சு அதன் பிடியில் கொஞ்சம் தளர்வாக இருந்தால் அது துள்ளும் அல்லது பக்கவாட்டில் நகரும். அப்போதுதான் உருவான எழுத்தின் ஓரத்தை அது இடித்து, மேடாக நின்ற உலோகத்தைத் தள்ளித் தட்டையாக்கிவிடும். அதன் விளைவாக எழுத்தின் ஒரு பக்கத்தில், தளத்துக்கு (எழுத்தோ உருவமோ இல்லாத வெற்றுப் பரப்புக்கு) மிக அருகில், தாழ்வான ஒரு படி உருவாகும். மேலே தட்டை, பக்கம் செங்குத்து. புதிய நாணயமாக இருந்தால் அந்தப் படி பளபளவென்று மின்னும்.

இதில் உலோகம் புதிதாகச் சேரவில்லை. எழுத்தில் இருந்த உலோகம்தான் இடம் மாறியிருக்கிறது. அதனால் படியை ஒதுக்கிவிட்டு மிச்சமுள்ள எழுத்தை மட்டும் பார்த்தால், அது சாதாரண நாணயத்தின் எழுத்தைவிட ஒல்லியாக இருக்கும். படியையும் சேர்த்தால்தான் ஏறத்தாழ பழைய அகலம் வரும். டபுள்டு டையில் நேர் எதிர். அங்கே முழு உயரமுள்ள ஓர் எழுத்தோடு இன்னொன்றின் பகுதியும் கூடுதலாக நிற்பதால் மொத்த அகலம் கூடும். ஒல்லியானதா, தடித்ததா? பக்கத்தில் சாதாரண நாணயத்தை வைத்துப் பார்த்தால் பாதி சந்தேகம் இங்கேயே தீர்ந்துவிடும்.

கண் இன்னும் பழகாதவர்களுக்கு விளக்கை வைத்தே ஒரு சோதனை உண்டு. நாணயத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். மெஷின் டபுளிங்கின் படி தட்டையானது. ஒரு கோணம் வந்ததும் மொத்தப் படியும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி, உடனே அணையும். டபுள்டு டையின் இரண்டாவது உருவம், அசல் எழுத்தைப் போலவே உருண்ட முதுகோடு இருக்கும். ஆகவே மினுக்கம் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து போகும். பத்துப் பதினைந்து நாணயங்களில் செய்து பார்த்தால் இந்த வித்தியாசம் கைக்கு வந்துவிடும்.

புழங்கித் தேய்ந்த நாணயத்தில் இது கொஞ்சம் சிரமம். எழுத்தின் முதுகு தேய்ந்து தாழும்போது, தளத்தை ஒட்டியிருக்கும் படி மட்டும் தேயாமல் தப்பித்து நிற்கும். அதனால் தேய்ந்த நாணயத்தில் மெஷின் டபுளிங் முன்பைவிடப் பெரிதாகத் தெரிய வாய்ப்பு உண்டு. சந்தேகமான தேய்ந்த நாணயத்தோடு போராடுவதைவிட, பழகும் காலத்தில் தேயாத நாணயங்களை எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது படி: மின்ட் மார்க்கைக் கேளுங்கள்

எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்துதான் மின்ட் மார்க். சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், டென்வருக்கு டி. ஒரு சென்ட்டில் இது ஆண்டெண்ணுக்குக் கீழே இருக்கும். மற்ற எழுத்துகள் எல்லாம் ஹப்பிலிருந்து டைக்கு வந்தவை. மின்ட் மார்க் மட்டும் நெடுங்காலம் அப்படி வரவில்லை. டை தயாரான பிறகு, ஒவ்வொரு டையிலும் தனி உளியை வைத்துக் கையால் தட்டிப் பதித்தார்கள்.

இதனால் அருமையான ஒரு சோதனை கிடைக்கிறது. ஹப்பின் இரண்டாவது அழுத்து பிசகினால் அதில் மின்ட் மார்க் சம்பந்தப்படாது. அந்த நேரத்தில் அது டையில் இருந்திருக்கவே இல்லை. ஆகவே உண்மையான டபுள்டு டையில் ஆண்டெண்ணும் வாசகமும் இரட்டையாக இருக்க, மின்ட் மார்க் ஒற்றையாக நிற்கும். மாறாக, அடிக்கும் நொடியில் டை நகர்ந்திருந்தால் அதன் வழியில் இருந்த எல்லாமே இடிபடும். ஆண்டெண்ணோடு மின்ட் மார்க்கும் அதே திசையில், அதே மாதிரிப் படியோடு இருந்தால் அது மெஷின் டபுளிங்.

இந்தச் சோதனையின் முழு அருமையும் 1969 எஸ் சென்ட்டில் தெரியும். அந்த ஆண்டின் எஸ் நாணயங்களில் ஆண்டெண் தாராளமாக இரட்டித்திருக்கும், கூடவே எஸ் எழுத்தும். அவை எல்லாம் மெஷின் டபுளிங். அசல் 1969 எஸ் டபுள்டு டை மிக அரிது. அதில் லிபர்ட்டி, இன் காட் வி டிரஸ்ட் என்ற வாசகம், ஆண்டெண் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இரட்டையாக இருக்கும், எஸ் மட்டும் ஒற்றை. இந்த நாணயத்துக்கு ஒரு வினோதமான வரலாறும் உண்டு. 1969 என்ற ஆண்டெண்ணோடு மின்ட் மார்க் இல்லாத கள்ள டபுள்டு டை சென்ட்டுகள் அப்போது வெளிவந்திருந்தன. அந்தப் பரபரப்பில் அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை, அசல் எஸ் நாணயங்களையும் கள்ள நாணயம் என்று நினைத்துக் கைப்பற்றியது. பிறகுதான் அவை நாணயச் சாலையிலிருந்தே வந்தவை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

சோதனைக்கு எல்லை உண்டு. பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்த சென்ட்டுகளில் பொதுவாக மின்ட் மார்க்கே கிடையாது. புகழ்பெற்ற 1955, 1972, 1983, 1995 டபுள்டு டைகள் எல்லாம் பிலடெல்பியா நாணயங்கள்தான். ஒரு சென்ட்டிலும் ஐந்து சென்ட்டிலும் 1990 முதல், மற்ற புழக்க நாணயங்களில் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து, மின்ட் மார்க்கை மூல அச்சிலேயே, அதாவது ஹப்புகளுக்கே மூலமான அச்சில், சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய நாணயங்களில் இந்தச் சோதனை செல்லாது.

மூன்றாவது படி: டபுள்டு டை என்றால் எந்த மாதிரி

மேலே சொன்ன இரண்டு படிகளையும் தாண்டிவிட்டதா? இப்போது எழுத்தின் முனைகளுக்கு வாருங்கள். டபுள்டு டையின் கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. லிபர்ட்டி என்ற சொல்லில் ஐ, டி போன்ற எழுத்துகளின் நுனியில் சின்னக் குறுக்குக் கோடு இருக்கும் அல்லவா, அதன் மூலையில் ஒரு வெட்டு விழுந்து, நுனி இரண்டாகப் பிளந்தது போலத் தெரியும். இரண்டு உருவங்களும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பள்ளக் கோடு ஒன்று ஓடும். எழுத்துகள் நன்றாக விலகியிருந்தால் நடுவே தளமே தெரியும். மெஷின் டபுளிங்கிலும் சில நேரம் நுனியில் படி தெரியும். ஆனால் இரண்டு உருவமும் உயரத்தோடும் உருண்டையாகவும் நிற்கும் அந்தப் பிளவு அதில் வராது.

அடுத்து நாணயத்தைச் சுற்றிலும் பார்த்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். எந்த எழுத்தில் இரட்டிப்பு அதிகம், எதில் குறைவு, எதில் இல்லவே இல்லை, எந்தப் பக்கம் சாய்கிறது. டை ஹப்பின் கீழ் எப்படிப் பிசகியது என்பது இந்த வரைபடத்தில் தெரிந்துவிடும்.

டை நடுவை மையமாகக் கொண்டு சற்றே சுழன்றிருந்தால், விளிம்பருகே உள்ள எழுத்துகளில் விலகல் பெரிதாகவும் நடுவே நெருங்க நெருங்கக் குறைந்தும் போகும். 1955 சென்ட் இதற்கு உச்ச உதாரணம். அதில் ஆண்டெண்ணும் வாசகங்களும் லென்ஸே தேவையில்லாத அளவுக்கு இரட்டையாக நிற்கின்றன, நடுவில் இருக்கும் லிங்கன் முகத்தில் அப்படிச் சொல்லும்படி எதுவும் தெரியாது. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் "முகம் மட்டும் ஏன் ஒழுங்காக இருக்கிறது, இது போலியோ?" என்று சந்தேகப்படுவதுண்டு. சுழற்சிக்கு அதுதான் இயல்பு. அந்த ஆண்டு பிலடெல்பியாவில் தவற்றைக் கண்டுபிடித்தபோது, அந்த நாணயங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே லட்சக்கணக்கான நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டிருந்தது. அத்தனையையும் உருக்குவதற்குப் பதில் அப்படியே வெளியே விட்டார்கள். 20,000 முதல் 24,000 வரை வெளிவந்திருக்கும் என்று சேகரிப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். சிகரெட் விற்கும் இயந்திரங்களில், பாக்கெட்டோடு சில்லறையாக வைத்துக் கொடுத்த சென்ட்டுகளில் பல கிடைத்தன. 1972 சென்ட்டும் இதே சுழற்சி வகைதான், விலகல் அதைவிடக் குறைவு.

மையத்தில் சுழலாமல், விளிம்பில் ஓர் இடம் நிலையாக நிற்க அதைப் பற்றிக்கொண்டு டை திரும்பியிருந்தால், அந்த இடத்தில் இரட்டிப்பு கிட்டத்தட்ட இருக்காது. எதிர்ப்பக்கத்தில் பெரிதாக இருக்கும். 1995 சென்ட்டில் லிபர்ட்டியும் 'இன் காட்' என்ற சொற்களும் பளிச்சென்று இரட்டித்திருக்க, ஆண்டெண்ணில் அப்படித் தெரியாததற்குக் காரணம் இதுதான். டை சுழலாமல் ஒரே திசையில் நகர்ந்து உட்கார்ந்திருந்தால், எல்லா எழுத்திலும் விலகல் ஒரே திசையில் ஒரே அளவில் இருக்கும்.

இவற்றோடு சேராத ஒரு வகை உண்டு. முதல் அழுத்துக்கு ஒரு ஹப், இரண்டாவதுக்கு வேறு வடிவ ஹப் என்று மாறிப்போனால், ஒரே டையில் இரண்டு வடிவங்கள் கலந்துவிடும். 1942 பத்து சென்ட் நாணயத்தில் 2 என்ற எண்ணின் கீழ் 1 தெரிவது இப்படித்தான், 1941க்கான ஹப்பும் 1942க்கான ஹப்பும் ஒரே டையில் பட்டதால். 1960 டி சென்ட்டில் பெரிய ஆண்டெண்ணின் மேல் சிறிய ஆண்டெண் விழுந்ததும் அப்படியே. இந்த வகை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இரண்டு எண்கள் அல்லது இரண்டு அளவுகள் கண்முன்னே நிற்கும்போது, இது மெஷின் டபுளிங்கோ என்ற வாதத்துக்கே இடமில்லை.

கடைசியாக, பிளவோ பள்ளக் கோடோ இல்லாமல் எழுத்து மொத்தமாகத் தடித்து மட்டும் இருக்கும் டபுள்டு டைகளும் உண்டு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் தேய்ந்த அச்சும் இதே தோற்றத்தைத் தரும்.

நான்காவது படி: அச்சு தேய்ந்திருக்கிறதா

ஒரு டை லட்சக்கணக்கான நாணயங்களை அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் உலோகம் டையின் மேல் வழிந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் எழுத்துக் குழிவின் ஓரங்களை அரித்து அகலமாக்கும். அப்படி முதுமை அடைந்த டையில் அடித்த நாணயத்தில் எழுத்துகள் வீங்கி, ஓரம் மழுங்கி, பக்கத்தில் மங்கலான ஒரு நிழல் உருவத்தோடு வரும். பார்ப்பதற்கு இரட்டிப்பு போலவே இருக்கும். சில எழுத்துகளில் இரு பக்கமும், சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும், ஒழுங்கே இல்லாமல் இருக்கும். அந்த ஒழுங்கின்மையே ஒரு துப்பு.

இன்னொரு துப்பு தளத்தில் இருக்கிறது. எழுத்தை விட்டுவிட்டு வெற்றுத் தளத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பும் இருந்தால் டை தேய்ந்துவிட்டது என்று பொருள். தளம் வழவழப்பாக, விவரங்கள் கூர்மையாக இருந்தும் எழுத்து மட்டும் தடித்திருந்தால், அப்போதுதான் தடித்த வகை டபுள்டு டை என்ற எண்ணத்துக்கே வர வேண்டும்.

1955 சென்ட்டில் இந்த வகைக்கு ஒரு பிரபல உதாரணம் உண்டு. அந்த ஆண்டின் பல நாணயங்களில் கடைசி 5 மட்டும் மங்கலாக இரட்டித்திருக்கும். அசல் 1955 டபுள்டு டையை வாங்க வசதியில்லாதவர்களுக்கானது என்ற பொருளில் 'ஏழையின் டபுள்டு டை' என்று அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். அது தேய்ந்த டையின் விளைவு, வேறொன்றுமில்லை. லிபர்ட்டியைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அசலில் லிபர்ட்டி பட்டவர்த்தனமாக இரட்டித்திருக்கும், இதில் ஒற்றையாகத்தான் இருக்கும்.

மின்ட் மார்க் மட்டும் இரட்டித்திருந்தால்

ஆண்டெண் ஒற்றை, வாசகம் ஒற்றை, டி அல்லது எஸ் மட்டும் இரட்டை. இது டபுள்டு டை இல்லை, ஆனால் ஒதுக்க வேண்டியதும் இல்லை. கையால் உளியை வைத்துத் தட்டிய காலத்தில், முதல் தட்டில் எழுத்து சாய்ந்தோ இடம் தள்ளியோ விழுந்தால் மறுபடி தட்டுவார்கள். பழைய தடம் புதியதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மறுபதிப்பு மின்ட் மார்க் என்று இதைத் தனியாகச் சேகரிக்கிறார்கள். இதுவும் டையிலேயே உள்ளது, ஆகவே அந்த டையின் நாணயங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். 1909 எஸ் சென்ட் ஒன்றில் நிமிர்ந்த எஸ்ஸுக்குக் கீழே படுத்த நிலையில் ஒரு எஸ் தெரியும். ஒரு நாணயச் சாலைக்கென்று பதித்த எழுத்தின் மேல் வேறு நாணயச் சாலையின் எழுத்தைப் பதித்த நாணயங்களும் உண்டு. 1944 சென்ட்டில் எஸ்ஸின் மேல் டி பதித்தது புகழ்பெற்றது.

இங்கேயும் முதல் எதிரி மெஷின் டபுளிங்தான். மின்ட் மார்க்கின் ஓரத்தில் தட்டையான படி மட்டும் இருந்தால் ஆசைப்பட வேண்டாம். உருண்ட முதுகுள்ள இரண்டாவது எழுத்தின் பகுதி தெரிய வேண்டும். டி எழுத்தின் வயிற்றுக்குள், எஸ்ஸின் வளைவுகளுக்குள் தேடுங்கள், பழைய தடம் ஒளிந்திருக்கும் இடங்கள் அவை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நாணயங்களில் ஆண்டெண்ணையும் டையில் தனியாகவே பதித்தார்கள், அதனால் அவற்றில் மறுபதிப்பு ஆண்டெண்ணும் கிடைக்கும்.

குழப்பும் மற்றவை

1982ல் அமெரிக்க ஒரு சென்ட்டின் உலோகத்தை மாற்றினார்கள். உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. அடிபடும்போது எழுத்தின் ஓரத்தில் பூச்சு கிழிந்து, உள்ளிருக்கும் துத்தநாகம் சாம்பல் வெள்ளையாக ஒரு கோடாகத் தெரியும். இதை டபுள்டு டை என்று நினைப்பவர்கள் ஏராளம். கோட்டின் நிறம் வேறாக இருந்தால், விளிம்பை நோக்கிய பக்கத்திலேயே அது ஓடினால், பூச்சுக் கிழிசல்தான்.

நாணயமே இரண்டு முறை அடிபடுவது வேறு விஷயம். வெளியேற வேண்டிய நாணயம் மாட்டிக்கொண்டு மறுபடி அடிபட்டால், முதல் உருவம் நசுங்கித் தட்டையாகி அதன் மேல் இரண்டாவது உருவம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கங்களிலும். இடம் தள்ளி விழுந்திருந்தால் பார்த்தவுடனே தெரியும். இதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அது அந்த ஒற்றை நாணயத்தின் பிழை, டையின் பிழை அல்ல. காட்சிக்கென்றே செய்யும் பளபளப்பான புரூஃப் நாணயங்களை வேண்டுமென்றே ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள்; அவற்றில் லேசான இரட்டிப்பு தெரிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாணயம் இல்லாமலே இரண்டு டைகளும் மோதிக்கொண்டால், ஒரு பக்கத்தின் உருவம் மறுபக்கத்து டையில் தடம் பதிக்கும். நாணயத்தின் தளத்தில் தலைகீழாகவோ இடவலம் மாறியோ ஏதாவது கோடுகள் தெரிந்தால் இதுவாக இருக்கும், இரட்டிப்பு அல்ல.

1990களின் பிற்பகுதிக்குப் பிறகு

அந்தக் காலகட்டத்தில் அமெரிக்க நாணயச் சாலை, டையை ஒரே அழுத்தில் முடிக்கும் முறைக்கு மாறியது. இரண்டாவது முறை பொருத்துவதே இல்லை என்றால் டபுள்டு டை வரக் கூடாதுதான். ஆனாலும் வருகிறது. புதிய முறையில் டை எஃகின் முகப்பு நடுவில் கூம்பாக இருக்கும். ஹப் அதன் மேல் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தம் ஏறும்போது சட்டென்று நேராகிவிட்டால், முதலில் தொட்ட நடுப்பகுதி மட்டும் இரட்டித்துவிடும்.

ஆகவே இந்தக் காலத்து நாணயங்களில் விளிம்பு எழுத்துகளைத் தேடி நேரம் செலவிடாதீர்கள். நடுவைப் பாருங்கள். 2009ல் வந்த நினைவுச் சென்ட்டுகளில், இளைஞன் லிங்கன் மரக்கட்டையின் மேல் அமர்ந்து படிக்கும் வடிவத்தில், புத்தகம் பிடித்த கையில் கூடுதல் விரல் தெரியும் டைகள் பல உண்டு. இப்போதைய நாணயத்தில் ஆண்டெண்ணும் விளிம்பு வாசகமும் பெரிதாக இரட்டித்திருந்தால், அது மெஷின் டபுளிங் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

கடைசியாக, உறுதி செய்வது

எல்லாப் படிகளும் தாண்டி ஒரு நாணயம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறிந்த டபுள்டு டைகளுக்கு எண் கொடுத்து, படங்களோடு பட்டியலிட்டிருக்கிறார்கள். உங்கள் நாணயத்தின் ஆண்டையும் மின்ட் மார்க்கையும் வைத்துத் தேடுங்கள். இரட்டிப்பு மட்டும் பொருந்தினால் போதாது, டையின் பிற அடையாளங்களும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு டையிலும் மெருகேற்றியபோது விழுந்த, அதற்கே உரிய மெல்லிய கீறல்களும் விரிசல்களும் இருக்கும், அவை அதில் அடித்த நாணயங்களில் மேடான கோடுகளாக வரும். பட்டியல் படத்தில் உள்ள கோடு உங்கள் நாணயத்திலும் அதே இடத்தில் இருந்தால் அடையாளம் உறுதி. அந்தக் கோடு மேடாக இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளமாக இருந்தால் அது புழக்கத்தில் விழுந்த கீறல், டையோடு சம்பந்தமில்லை.

பட்டியலில் இல்லையென்றால் உடனே புதிய கண்டுபிடிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். அதே மாதிரி இரட்டித்த இன்னொரு நாணயம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அச்சின் பிழை என்றால் இரண்டாவது நாணயத்தில் இம்மி மாறாமல் அதே இடத்தில் இருக்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி, ஏஎன்ஏசிஎஸ் போன்ற சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்ப நினைத்தால், கட்டணத்தை நாணயத்தின் மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன இரட்டிப்புள்ள பல அசல் டபுள்டு டைகளின் விலை அந்தக் கட்டணத்தைத் தாண்டாது. 1955, 1969 எஸ், 1972 போல விலை உயர்ந்த வகை என்று தோன்றினால் மட்டும் தயங்காமல் அனுப்பலாம், போலிகளும் அந்த ஆண்டுகளில்தான் அதிகம்.

வாங்கும்போது, விற்பவர் ஒரே ஒரு எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டிருந்தால் முழு நாணயத்தின் படத்தையும், சாய்வான வெளிச்சத்தில் ஆண்டெண், லிபர்ட்டி, மின்ட் மார்க் மூன்றின் படங்களையும் கேளுங்கள். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.